கக்குவானுக்கு ஊசி போட்ட கதை

புளியங்காட்டுப்பட்டியில் சங்கிலி, ஒச்சப்பன், தவமணி என்று மூன்று அண்ணன் தம்பிகள். மூன்று பேருக்கும் சேர்த்து மூளை கொஞ்சம் கம்மி, தங்கச்சி பாண்டீஸ்வரியின் கைக்குழந்தை மேல் பாசம் ரொம்ப ஜாஸ்தி.

ஒருநாள் நர்ஸம்மா வந்து, "ஊருக்குள்ள கக்குவான் வந்தாச்சு. பிள்ளைகிட்ட அண்ட விட்றாதீங்க. நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு வாங்க, கக்குவானுக்கு ஊசி போடணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சங்கிலி உடனே தம்பிகளைக் கூப்பிட்டு யோசனை கேட்டான்.

"பேரைப் பார்த்தா வெளியூர் ஆளாத் தெரியுது" என்றான் ஒச்சப்பன்.

"ஊசின்னா அவன் தானா வருவானா? நாமதான் தூக்கிட்டுப் போகணும்" என்றான் தவமணி.

தாய்மாமன்கள் மூவரும் விடிந்ததும் பஸ் நிறுத்தத்தில் போய்க் காவல் நின்றார்கள். மலையிலிருந்து வந்த பஸ்ஸில் ஒருத்தர் ஜன்னலுக்கு வெளியே தலையைத் தொங்கப் போட்டிருந்தார். யார் இந்த ஆள் என்று சங்கிலி கண்டக்டரிடம் விசாரித்தான்.

"ஏலக்காய் வியாபாரி. ஏறினாலும் கக்குவான், இறங்கினாலும் கக்குவான்" என்றார் கண்டக்டர்.

அதற்கு மேல் சாட்சி எதற்கு? ஆளுக்கொரு பக்கமாகப் பிடித்து, வியாபாரியைக் குண்டுக்கட்டாகத் தூக்கிக்கொண்டு போய் ஆஸ்பத்திரியில் இறக்கினார்கள். பிள்ளையோடு வரிசையில் நின்ற பாண்டீஸ்வரி தலையில் அடித்துக்கொண்டாள்.

நர்ஸம்மா வியாபாரிக்கு ஒரு எலுமிச்சம்பழம் கொடுத்து அனுப்பிவிட்டு, மூவரையும் உட்கார வைத்துப் புரிய வைத்தார். கக்குவான் ஆளில்லை, இருமல். மூச்சு விடக்கூட விடாமல் இருமி, கடைசியில் கூவுகிற மாதிரி மூச்சை இழுக்கும். கைக்குழந்தைக்கு வந்தால் சமயத்தில் மூச்சே நின்றுவிடும். வந்துவிட்டால் டாக்டர் தரும் மருந்தைப் பாதியில் நிறுத்தாமல் முழுசாகக் கொடுக்க வேண்டும். வராமல் தடுக்கத்தான் பிள்ளைக்கு ஊசி.

ஊசி போட்டதும் பிள்ளை வீறிட்டது. சங்கிலியும் கூடவே அழுதான்.

"ஊசி போட்ட இடத்தை யாரும் தேய்க்கக் கூடாது. மாமன்மாரு நல்லாப் பார்த்துக்குங்க" என்றார் நர்ஸம்மா. சங்கிலி கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினான்.

பாண்டீஸ்வரி பிள்ளையோடு வீட்டுக்கு வந்து சோறாக்கி வைத்தாள். பொழுது சாய்ந்தும் அண்ணன்மார் வரவில்லை. தேடிக்கொண்டு திரும்பவும் ஆஸ்பத்திரிக்கே போனாள்.

ஊசி போடும் அறையில், வாளியும் துடைப்பமுமாக ஒரு அம்மா செய்வதறியாமல் நின்றுகொண்டிருந்தார். எதிரே தரையில் மூன்று பேரும் கையைக் கோத்துக்கொண்டு படுத்திருந்தார்கள்.

"வேற எங்க வேணும்னாலும் தேய்ச்சுக்குங்கம்மா. பிள்ளைக்கு ஊசி போட்ட இடம் இதுதான்" என்றான் சங்கிலி.