உப்பளத்துச் சங்கும் பள்ளிக்கூடத்து மணியும்

வாருங்கள், இப்படி வந்து உட்காருங்கள். பெரியவர்களும் வரலாம், இது உங்களுக்கும் சேர்த்துத்தான்.

கப்பல்கள் காற்றை நம்பி ஓடிய காலம். கடலோரத்தில் வெண்கரைப் பட்டினம் என்றோர் ஊர். அங்கே தேனப்பர் என்ற வணிகர் இருந்தார். கண்ணுக்கு எட்டிய தூரம் வரை கிடந்த உப்பளங்கள் எல்லாம் அவருடையவை. அவர் உப்பைத் தின்னாத வீடு ஏழு நாட்டிலும் கிடையாது என்பார்கள். கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார்கள், நீங்கள் குறைத்துக்கொள்ளுங்கள்.

அந்த உப்பளத்தில் உலகி என்றொரு சிறுமி. பத்து வயது. விடியலில் அளத்துச் சங்கு ஊதியதும் தாய் குப்பாச்சியோடு பாத்தியில் இறங்குவாள். பலகையால் உப்பை வாரிக் கரையில் குவிப்பாள். வெயில் ஏறினால் உப்பின் வெள்ளை கண்ணைக் குத்தும், கால் வெந்துபோகும். அதனால் சூரியன் ஒரு பனை உயரம் வருவதற்குள் வேலையை முடிக்க வேண்டும். அங்கே எல்லாப் பிள்ளைகளுக்கும் அதுதான் வேலை. எல்லாப் பிள்ளைகளுக்கும் உள்ளங்கை வெடித்துக் கிடக்கும்.

தேனப்பர் நல்ல மனிதர். சும்மா சொல்லவில்லை, உண்மையாகவே நல்லவர். என் உப்பை வாருகிற பிள்ளைகள் எழுத்தறியாமல் இருக்கிறார்களே என்று ஒரு நாள் அவருக்கு உறைத்தது. உடனே கல்தச்சர்களை வரவழைத்தார். உப்பளத்துக்கும் ஊருக்கும் நடுவில் தூண் வைத்து, ஓடு வேய்ந்து, ஒரு பள்ளிக்கூடம் எழுப்பினார். வாசலில் வெண்கல மணி தொங்கியது. வெளியூரிலிருந்து நல்ல வாத்தியார் ஒருவர் வந்தார்.

ஊர்ப் பிள்ளைகள் வந்தார்கள். உப்பளத்துப் பிள்ளைகள் வரவில்லை.

பசியாக இருக்கும் என்று நினைத்தார் தேனப்பர். இரண்டாம் ஆண்டு மதியச் சோறு போட்டார். குழம்பு வாசம் அளம் வரைக்கும் வந்தது. உப்பளத்துப் பிள்ளைகள் வரவில்லை.

கையில் ஒன்றும் இல்லாமல் வரக் கூச்சப்படுகிறார்கள் என்று நினைத்தார். மூன்றாம் ஆண்டு ஆளுக்கொரு எழுத்தாணியும் ஓலைக்கட்டும் கொடுத்தனுப்பினார். ஓலையைப் பத்திரமாகக் கூரையில் செருகி வைத்தார்கள். பிள்ளைகள் மட்டும் வரவில்லை.

ஏன் வரவில்லை? அதை உலகியிடம் கேட்டிருந்தால் ஒரு நொடியில் சொல்லியிருப்பாள். யார் கேட்டது?

அந்தக் காலத்துப் பள்ளிக்கூடங்களில் ஒரு வழக்கம். சூரியன் உதிக்கும்போது மணி அடிக்கும். முதலில் வருகிற பிள்ளையின் உள்ளங்கையில் வாத்தியார் விரலால் சரஸ்வதி என்று எழுதுவார். இரண்டாவது பிள்ளையின் கையைப் பிரம்பு தொட்டுவிட்டுப் போகும். மூன்றாவது பிள்ளைக்கு ஓர் அடி, நான்காவதுக்கு இரண்டு, ஐந்தாவதுக்கு மூன்று. இப்படியே வரிசையாக ஏறும். வாத்தியாரைக் கொடுமைக்காரர் என்று நினைக்காதீர்கள். அவர் கையும் அப்படி அடி வாங்கி வளர்ந்த கைதான். பிள்ளைகள் சுறுசுறுப்பாக வருவார்கள் என்று நம்பினார்.

பள்ளிக்கூடம் திறந்த முதல் வாரம் உலகி போனாள். பாத்தி வேலையை முடித்து, ஒரே ஓட்டமாக ஓடினாள். அப்படியும் அவள் இருபதாவது ஆள். பதினெட்டு அடி. உப்பில் வெடித்த கையில் பதினெட்டு அடி. மறுநாள் அவளால் பலகையைப் பிடிக்க முடியவில்லை. அவள் பாத்தியையும் சேர்த்துத் தாய்தான் வாரினாள். அதோடு நின்றுபோனாள். அவள் கையைப் பார்த்த மற்றப் பிள்ளைகள் அந்தப் பக்கமே போகவில்லை.

ஆனால் காற்று நிற்கவில்லையே. காலையில் ஊர்ப்பக்கத்திலிருந்து காற்று வீசும்போது பிள்ளைகள் பாடம் சொல்வது அளத்தில் கேட்கும். உலகியும் உப்பு வாரிக்கொண்டே கூடச் சொல்வாள். மூன்று வருடத்தில் பாட்டெல்லாம் மனப்பாடம். ஆனால் ஓர் எழுத்துக்கூடத் தெரியாது. எல்லோருடைய பெயரும் தெரிந்து, ஒருவர் முகமும் தெரியாமல் இருப்பதைப் போல இருந்தது அவளுக்கு. ஈரச் சேற்றில் விரலால் எதையாவது கீறுவாள். இதுதான் ‘அ’வாக இருக்குமோ என்று பார்ப்பாள். சொல்ல ஆள் இல்லை. அந்த ஏக்கம் பசியைவிடக் கெட்டது. பசி மதியத்தோடு அடங்கிவிடும்.

மூன்றாம் ஆண்டு முடிவில் தேனப்பருக்குக் கோபம் வந்தது. நேரே அளத்துக்கு வந்தார்.

“நிழல் கொடுத்தேன். சோறு கொடுத்தேன். ஓலை கொடுத்தேன். இன்னும் என்ன குறை? சொல்லுங்கள்!”

“ஒரு குறையும் இல்லங்கய்யா” என்றார்கள் எல்லோரும். வேலை கொடுக்கிறவரிடம் வேறென்ன சொல்வார்கள்?

தேனப்பர் உலகியைப் பார்த்தார். “நீ சொல்லு தாயி. என்ன வேணும் உனக்கு? வளையலா, பட்டுப் பாவாடையா?”

குப்பாச்சி மகளின் இடுப்பில் கிள்ளினாள். “வாய மூடிட்டு நில்லுளா.”

உலகி தாயைப் பார்த்தாள். பேசினால் தாயின் வேலை போகலாம். பேசாவிட்டால் எழுத்து போய்விடும். இரண்டையும் நினைத்துப் பார்த்துவிட்டு வாயைத் திறந்தாள்.

“அய்யா, விடியக்காலம் ஊதுற சங்கு யாரோடது?”

“என்னோடதுதான்.”

“பள்ளிக்கூடத்து மணி?”

“அதுவும் என்னோடதுதான்.”

“சங்கு எங்களப் பாத்தியில எறக்குது. நாங்க ஏறுறதுக்குள்ள மணி அடிச்சிருது. ரெண்டுக்கும் எப்படிய்யா போறது? எனக்கு ரெண்டு காலு இருக்குதான். ஆனா ரெண்டும் ஒரே பக்கந்தான் போவும்.” சொல்லிவிட்டுக் கையை விரித்துக் காட்டினாள். “பிந்தி வந்தா இந்தக் கையிலதான் அடி.”

தேனப்பர் முகம் கறுத்தது. திரும்பிப் போய்விட்டார்.

“கெடுத்தியே குடியை!” என்று குப்பாச்சி தலையில் அடித்துக்கொண்டாள்.

மூன்று நாள் அந்தத் தாயும் மகளும் சோறு இறங்காமல் கிடந்தார்கள். முதல் நாள் தேனப்பருக்குக் கோபம் தீரவில்லை. கொடுத்தவனையே கேள்வி கேட்கிறாளே என்று பொருமினார். இரண்டாம் நாள் விடியலில் எழுந்து மாடியில் போய் நின்றார். சங்கு ஊதியது. பிறகு மணி அடித்தது. சின்னச் சின்ன உருவங்கள் பாத்திகளில் குனிந்தபடியே இருந்தன. ஒன்றுகூட நிமிரவில்லை. இத்தனை வருடமாக அவர் அந்த நேரத்தில் கண் விழித்ததே இல்லை.

மூன்றாம் நாள் வாத்தியாரிடம் போய்ப் பிரம்படியைப் பற்றிக் கேட்டார். “வழக்கம் அப்படி, ஐயா” என்றார் வாத்தியார். “அளத்துக்கு வந்து அந்தப் பெண்ணின் கையை ஒரு தரம் பாருங்கள்” என்றார் தேனப்பர். வாத்தியார் வந்தார், பார்த்தார். அன்றிலிருந்து அவர் பிரம்பைக் கையில் எடுக்கவில்லை.

நான்காம் நாள் சங்கு ஊதியது. பிள்ளைகள் எழுந்தார்கள். மேற்பார்வைக்காரர் வந்து சொன்னார்: “சங்கு பெரியவங்களுக்கு மட்டுந்தான். பிள்ளைங்களுக்கு மணி. கூலி எந்த வீட்டுக்கும் குறையாது. உப்பு குறைஞ்சா அது அய்யா பாடு.”

உப்பு குறையத்தான் செய்தது. தேனப்பர் தாங்கிக்கொண்டார்.

உலகி படித்தாள் என்று சொல்வதைவிட, விழுங்கினாள் என்று சொல்லலாம். நான்கு மாதத்தில் எழுத்துக் கூட்டி வாசித்தாள். கண்ணில் பட்டதை எல்லாம் வாசித்தாள்.

ஒரு நாள் தேனப்பர் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். வாசற்படிக்குப் பக்கத்தில், சுவரில் பதித்த கல்லில், உலகி விரல் வைத்து எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தாள். கட்டிய நாளிலேயே அவர் வெட்டச் சொன்ன கல் அது.

“உப்-ப-ள-த்-துப் பிள்-ளை-கள்... படிப்-ப-தற்-காக...” என்று வாசித்து, நின்று, திரும்பி அவரைப் பார்த்தாள்.

“அய்யா, இது எங்களுக்குன்னு கட்டினதா?”

“ஆமா தாயி.”

“மொதல்லருந்தே இப்படித்தான் எழுதியிருந்துச்சா? மூணு வருசமாவா?”

தேனப்பர் தலையை ஆட்டினார். அவர் கண் கலங்கியது. அந்த மூன்று வருடத்தைத் திருப்பிக் கொடுக்க அவ்வளவு பெரிய வணிகரிடமும் வழி இல்லை.

ஆகவே, கேளுங்கள்: பிறருக்கு உதவ நினைக்கிறவர், எதைக் கொடுக்கலாம் என்று தானே யோசிக்கும் முன், அவர்களை எது தடுக்கிறது என்று அவர்களிடமே கேட்க வேண்டும்.