மிளகாய்க் காம்பும் கல்லாகிப் போன இளவரசியும்

முன்னொரு காலத்தில், கல்லுக்கும் காது இருந்த காலத்தில், வேங்கைநாட்டில் இளவெயினி என்றொரு இளவரசி இருந்தாள். சரியான வாயாடி. அவள் சிரித்தால் கோட்டை வாசல்வரை கேட்கும்.

அந்த நாட்டின்மேல் ஆசை வைத்து வந்தான் மந்திரவாதி பாகுமுடியன். வெள்ளை மிட்டாய் ஒன்றை அவளுக்கு நீட்டினான். அதைத் தின்றவளுக்கு அப்புறம் சோறு இறங்கவில்லை, கீரை இறங்கவில்லை. மூன்று வேளையும் மிட்டாய்தான்.

முதல் மாதம் சிரிப்புப் போனது. இரண்டாம் மாதம் தூக்கம் போனது. மூன்றாம் மாதம் பேச்சும் போனது. தன் நிழலைக் கண்டே நடுங்கியவளின் பாதங்கள் கல்லாயின.

"நாளை விளக்கு வைக்கும்போது முழுக்கக் கல்லாவாள். நாடு எனக்கு!" என்றான் பாவி.

மறுநாள் விடிந்ததும், அவளைத் தூக்கி வளர்த்த அடுக்களைக்காரி அஞ்சுகம் அவள் மடியில் விழுந்து அழுதாள். இளவரசியின் வயிற்றுக்குள்ளிருந்து பொடிப்பொடியாய்க் குரல்கள் வந்தன.

"பசிக்குது! பசிக்குது! பசிக்குது!"

"யாருப்பா அது?"

"நாங்க வயித்துக் குடிங்க. கண்ணுக்குத் தெரியாத சனம். நாங்க தெம்பா இருந்தாத்தான் இவ மனசு தெம்பா இருக்கும். மிட்டாயால எங்க சனம் பாதி அழிஞ்சுபோச்சு. தயிர் குடு தாயி, அதுல எங்க ஒறவுக்காரங்க வருவாங்க!"

தயிருக்கு எங்கே போவாள்? சுத்தம் என்று சொல்லி வீடு வீடாய் உறைமோர்ச் சட்டிகளைக் கொதிநீர் ஊற்றிக் கழுவ வைத்திருந்தான் பாகுமுடியன். ஊரில் ஒரு சொட்டு உறை இல்லை. தலையில் கைவைத்தவளின் கண்ணில், குப்பையில் கிள்ளிப்போட்ட மிளகாய்க் காம்புகள் பட்டன. உறை இல்லாத வீட்டில் காம்புதானே உறை!

வெதுவெதுப்பான பாலில் காம்புகளைப் போட்டுச் சட்டியை மடியில் வைத்து அணைத்துக்கொண்டாள். உறைகிற பால் அசையக் கூடாது.

மந்திரவாதி விட்டானா? பாம்பாகி அவள் தோளில் ஊர்ந்தான். அவள் அசையவில்லை. நெருப்பாகி முந்தானையைச் சுட்டான். பல்லைக் கடித்துக்கொண்டாள், அசையவில்லை. பொழுது சாயும் நேரத்தில் இளவரசியின் குரல் கேட்டது.

"அக்கா! நெஞ்சுவரைக்கும் கல்லாயிடுச்சு. ஓடி வாக்கா!"

அஞ்சுகத்துக்கு உயிரே போனது. எழப்போனவள் சட்டென்று நின்றாள்.

"பேச்சே இல்லாத புள்ள எப்படிடா கூப்பிடும்?"

குரல் நின்றது. காம்பை எடுத்துப் பார்த்தாள். பால் கட்டியாய் உறைந்திருந்தது!

அவள் இளவரசியிடம் ஓடிப் போனபோது தாதி விளக்கில் திரி போட்டுக்கொண்டிருந்தாள். கழுத்துவரை கல். அஞ்சுகம் ஒரு வாய் ஊட்டினாள், இரண்டு வாய் ஊட்டினாள், மூன்றாவது வாயில் இளவரசியின் உதடு அசைந்தது.

"இன்னும் கொஞ்சம், அக்கா."

வயிற்றில் தெம்பு ஏறியதும் அவள் பயம் தெளிந்தது, கல் பொலபொலவென்று உதிர்ந்தது. பயந்தவர்களிடம் மட்டுமே பலிக்கும் மந்திரம் திரும்பிப் பாய்ந்ததில், பாகுமுடியன் சர்க்கரைக் குவியலானான். எறும்புகள் வரிசை கட்டி வந்தன.

பழையது, கீரை, மோர் என்று தின்னத் தின்ன இளவரசிக்குத் தூக்கமும் வந்தது. சிரிப்புத்தான் வரவில்லை.

மூன்றாம் நாள் ராஜா கேட்டார்: "என்ன வேண்டும் அஞ்சுகம்? பாதி ராஜ்ஜியமா?"

"அதெல்லாம் வேணாம் மகாராசா. சட்டியக் கட்டிப்பிடிச்ச கை இன்னும் மடங்கியே கெடக்கு. யாராச்சும் நீட்டிவிடுங்க!"

இளவெயினி சிரித்த சிரிப்பு கோட்டை வாசல்வரை கேட்டது. அவள் வயிறும் நிறைந்தது, நம் கதையும் நிறைந்தது.