இரண்டாயிரத்து நானூறு ரூபாய் முகம்

புங்கம்பாளையத்தில் மூளை இல்லாதவர் என்று ஒருவரும் கிடையாது. எல்லாருக்கும் இருக்கிறது. எடுத்துப் புழங்கினால் தேய்ந்துபோகுமே என்று பத்திரமாக வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். அதிலும் ரொம்பப் பத்திரமாக வைத்திருந்தவர்கள் மூன்று பேர்: சென்னியப்பன், அவன் கூட்டாளிகள் தெய்வசிகாமணி, ராக்கியண்ணன்.

ஒரு தடவை அந்த ஊர்ச் சந்தையில் சினிமா எடுக்க வந்தார்கள். கூட்டத்தில் நிற்க இருநூறு பேர் வேண்டும் என்றதும் சென்னியப்பன் போய் நின்றான். உதவி இயக்குநர் மைக்கில் என்னென்னவோ சொன்னார். மற்றவர்கள் அதில் பாதியைக் காதில் வாங்கினார்கள். சென்னியப்பன் சொன்னதைச் சொன்னபடி செய்தான். சாயங்காலம் அவர் அவன் தோளைத் தட்டி, "உங்களை மாதிரி ஒருத்தரை நான் பார்த்ததே இல்லை" என்றார். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு அவன் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தான்.

படம் வந்தது. மாமனார் அங்கமுத்துவை டவுன் கொட்டகைக்குக் கூட்டிப் போனான். அந்தக் கொட்டகைத் திரையில் துணியைவிட ஒட்டுப்போட்ட இடம்தான் அதிகம். சந்தைக் காட்சி வந்ததும், "அதா பாருங் மாமா, நானு!" என்று எழுந்து நின்று காட்டினான். அங்கமுத்துவின் கண்ணுக்குத் தெரிந்தது புளியங்கொட்டை அளவு ஒரு கறுப்பு.

"மாப்பளைக்கு நடிக்க வருதோ இல்லியோ, புளுக நல்லா வருது," என்று அவர் ஒரு கல்யாணப் பந்தியில் நூறு பேர் முன்னால் சொல்லிவிட்டார். அதோடு விட்டாரா? "படத்துல உங்க மூஞ்சிய இந்தக் கண்ணால பாக்கற வரைக்கும் உங்க ஊட்டுக்குள்ள கால் வெக்க மாட்டனுங்" என்று இலையை மூடிவிட்டு எழுந்தார்.

எட்டு மாதம் ஆயிற்று. சென்னியப்பனின் மனைவி சரசாள் ஞாயிற்றுக்கிழமைதோறும் அப்பாவுக்கென்று கறிக்குழம்பு வைப்பாள். அவர் வரமாட்டார். அழுதுகொண்டே அத்தனையையும் அவளே சாப்பிடுவாள். சென்னியப்பன் காலிச் சட்டியை எட்டிப் பார்ப்பான். பாவம், பொண்டாட்டி அழுவதும் பொறுக்கவில்லை, குழம்பு கண்ணில் படாததும் பொறுக்கவில்லை.

தெய்வசிகாமணிதான் வழி சொன்னான். "ஈரோட்டுல ப்ளூ-ரேன்னு ஒரு தட்டு விக்கறாங்களாமா. அதுல போட்டுப் பாத்தா தலைமுடியை ஒண்ணொண்ணா எண்ணலாமாமா."

மூவரும் ஈரோட்டுக்குப் பஸ் ஏறினார்கள். கடைக்காரர் அந்தப் படத்தின் தட்டை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"என்ன விலைங்?"

"ரெண்டாயிரத்து நானூறு."

மூவரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள்.

"கொட்டகையில அறுவது ரூவாதானுங்களே?" என்றான் ராக்கியண்ணன்.

"அது வெறும் படம். இதுல தெளிவுக்குத்தான் விலை. நடிகர் மூக்கு மேல இருக்கற வேர்வை வரைக்கும் தெரியும்."

"வேர்வை எங்களுக்கு வேண்டாமுங். அதைக் கழிச்சுட்டுச் சொல்லுங்."

தெய்வசிகாமணி அவனைத் தள்ளிவிட்டு முன்னால் வந்தான். "அவன் கெடக்கறான் உடுங். படம் பூராத்துக்கும் தெளிவு எதுக்குங்? நம்ம சென்னியப்பன் மூஞ்சிகிட்ட மட்டும் தெளிவா இருந்தாப் போதும். மிச்சமெல்லாம் மசமசன்னே இருக்கட்டும். அதுக்கு ஒரு விலை போடுங்."

"அதுவும் ரெண்டே நொடிதானுங்," என்றான் சென்னியப்பன். "அதை மட்டும் வெட்டிக் குடுத்தீங்கன்னா..."

"கீத்துப் போட்டுக் குடுக்க இதென்ன பூசணிக்காயா?" என்று கடைக்காரர் குரலை உயர்த்தினார்.

"பூசணிக்காயிலயே கீத்துப் போடறாங்க. இத்தனை விலை சொல்றவங்க போடமாட்டீங்கன்னா நல்லாவா இருக்குது?" என்று ராக்கியண்ணன் உண்மையாகவே வருத்தப்பட்டான்.

விலை ஒரு ரூபாய்கூட இறங்கவில்லை. ஊருக்குத் திரும்பி வந்து சென்னியப்பன் சைக்கிளை விற்றான். ராக்கியண்ணன் கல்யாணத்துக்குத் தைத்துப் போட்ட கோட்டை விற்றான். தெய்வசிகாமணி தன் டி.வி.யை விற்றான். தட்டு வாங்கிய பிறகு டி.வி. எதற்கு என்பது அவன் கேள்வி. நல்லவேளை, மாமனார் கோபத்துக்கு முன்பு வாங்கிக் கொடுத்த பெரிய டி.வி. சென்னியப்பன் வீட்டில் இருந்தது.

பணத்தோடு மறுபடி ஈரோடு போனதும் கடைக்காரர் தட்டை விற்றார், அதை ஓட்டும் மிஷினை ஒரு நாள் வாடகைக்குத் தந்தார், புத்தியும் சொன்னார். "தட்டு மேல விரல் படக்கூடாது, ஓரத்தை மட்டும்தான் பிடிக்கணும். வெயில் ஆகாது. உங்க வீட்டுக்குள்ள மட்டும்தான் போட்டுப் பாக்கணும். வெளியிடத்துல போட்டா குத்தம்."

பெட்டிக்குள் இருந்தால் ஓரத்தைப் பிடிக்க முடியாதே என்று தெய்வசிகாமணி தட்டை வெளியே எடுத்தான். இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவில் அதன் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு ஊர்வரைக்கும் வந்தான். ராக்கியண்ணன் பஸ்ஸுக்குள் அதற்குக் குடை பிடித்தான். வழியில் தெய்வசிகாமணிக்கு மூக்கு அரித்தபோதெல்லாம் சென்னியப்பன் சொரிந்துவிட்டான்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் அடுத்த சிக்கல் புரிந்தது.

"மாமன் ஊட்டுக்குள்ள கால் வெக்கமாட்டாரு. தட்டு ஊட்டை உட்டு வெளிய போகக்கூடாது. இப்ப எப்புடிப் பண்றது?" என்றான் சென்னியப்பன்.

சரசாள் மூன்று தடவை காபி போட்டாள். மூன்றாவது காபியில் தெய்வசிகாமணிக்குப் பிடிபட்டது. "காலைத்தானே வெக்கமாட்டேன்னாரு? மத்த உடம்பைப் பத்தி ஒண்ணும் சொல்லலியே!"

கயிற்றுக் கட்டிலோடு மாமனார் வீட்டுக்குப் போனார்கள். அங்கமுத்துவும் அந்த ஊர்க்காரர்தானே? யோசித்துப் பார்த்து, "நாயமாத்தான் படுது" என்று ஏறிச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். மூன்று பேரும் தூக்கிக்கொண்டு நான்கு தெரு வந்தார்கள். சென்னியப்பன் வீட்டு வாசலில் கட்டில் நுழையவில்லை. சாய்த்தார்கள். அங்கமுத்து நிலையைக் கட்டிப்பிடித்து, இரண்டு காலையும் அந்தரத்தில் வைத்துக்கொண்டு தொங்கினாரே தவிர, வாக்குத் தவறவில்லை. எனக்கு அந்த மனிதர்மேல் அன்றைக்கு மரியாதையே வந்துவிட்டது.

ஒருவழியாகக் கட்டிலை டி.வி. முன்னால் போட்டு, படத்தை ஓட்டினார்கள். சந்தைக் காட்சி வந்ததும் சென்னியப்பன் பொத்தானை அழுத்தி நிறுத்தினான்.

அடேயப்பா, அது தெளிவு! தக்காளிக் குவியலில் செருகிய விலை அட்டையைப் படிக்க முடிந்தது. வெல்லத்தின்மேல் உட்கார்ந்த ஈயின் இறக்கை தெரிந்தது. இருநூறு முகங்களும் பளிச்சென்று இருந்தன. தப்பு, நூற்றுத் தொண்ணூற்றொன்பது. நட்டநடுவில் ஒரே ஒரு முதுகு.

"மைக்குல, கேமராவப் பாக்கவே கூடாதுன்னு சொன்னாங்க மாமா," என்றான் சென்னியப்பன் பெருமையாக. "மத்தவங்கெல்லாம் ஓரக்கண்ணுல பாத்தாங்க. நான் காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் திரும்பவே இல்லீங். மத்தியானச் சோத்தைக்கூட அந்தப் பக்கம் பாத்துத்தான் தின்னேன்."

அங்கமுத்து முதுகை உற்றுப் பார்த்தார். அப்போது சரசாள் அலறினாள். "அப்பா! காலருக்குக் கீழ பச்சை நூலு பாருங்! வெள்ளை நூலு இல்லேன்னு நான்தான் தெச்சேன். அது இவருதானுங்ப்பா!"

அங்கமுத்து சம்மணத்தோடே கட்டிலின் விளிம்புக்கு நகர்ந்து, பச்சை நூலை இன்னொரு தடவை பார்த்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

"முதுகு எம்பட மாப்பளைதுதான். ஒத்துக்கறேன். நூறு பேர் முன்னால புளுகன்னு சொன்னது எம்பட தப்புதான்," என்றார். சரசாள் மூக்கைச் சிந்திக்கொண்டு சிரித்தாள். "ஆனா, முன்னால இருக்கற மூஞ்சி யாருதுன்னு யாரு கண்டா?"

அங்கமுத்து நியாயஸ்தர். முதுகைப் பார்த்துவிட்டதற்காக வலது காலைத் தரையில் வைத்தார். முகத்துக்கு உரிய இடது காலைக் கட்டில்மேலேயே வைத்துக்கொண்டார். சரசாள் அந்த நிலையிலேயே அவர் கையில் கறிக்குழம்புச் சோற்றைக் கொடுத்தாள்.

ராக்கியண்ணன் டி.வி.க்குப் பின்னால் போய்ப் பார்த்தான். "இங்க ஒயருதான் இருக்குது" என்றான். தெய்வசிகாமணி தட்டைத் திருப்பிப் போட்டான். மிஷின் அதைத் துப்பிவிட்டது.

"புரிஞ்சு போச்சு," என்றான் தெய்வசிகாமணி. "கடைக்காரன் விவரமான ஆளு. அவ்வளவு விலை வாங்கிட்டு ஒரு பக்கத்தைத்தான் குடுத்திருக்கறான்."

அடுத்த பஸ்ஸுக்கே மூவரும் ஈரோடு போனார்கள். இந்தத் தடவையும் குடையை மறக்கவில்லை. தட்டை ஓரம் பிடித்து மேசைமேல் வைத்துவிட்டு, தெய்வசிகாமணி பணிவாகக் கேட்டான்.

"ஏனுங், இதோட முன்பக்கம் என்ன விலைங்? கொஞ்சம் சுருக்காச் சொல்லுங். அங்க ஒரு பெரிய மனுசன் ஒத்தக் காலோட காத்துட்டிருக்காரு."