முதல் பந்தி

"சாமி, என் புருசன் மூஞ்சியப் பாத்து நாலு மாசமாச்சு," என்றாள் செண்பகம்.

"ஓடிப் போயிட்டானா?"

"ஐயோ, இல்ல சாமி. வீட்டுலதான் இருக்காவ."

கல்யாணம் ஆனதே நாலு மாசத்துக்கு முன்னால்தான். குருபூசைக்காக மாமனார் குடும்பத்தோடு மடத்துக்கு வந்திருந்தாள். மடத்தை நடத்தும் வேலப்பச்சாமி கிணற்றடியில் வாழையிலை கழுவிக்கொண்டிருந்தார்.

"அவுக குனிஞ்சு சாப்பிடுதாவ, நான் நின்னு பரிமாறுதேன். உச்சந்தலை மட்டுந்தான் தெரியுது. நான் ஒக்காரும்போது அவுக வயலுக்குப் போயிருதாவ. ராத்திரி வந்தா வெளக்க அணைச்சிருதாவ."

சாமி அடுத்த இலையை எடுத்தார்.

"கல்யாணத்துக்கு முன்னால போன்ல எம்புட்டுப் பேசுனோம்! இப்போ 'கொழம்பு', 'மோரு', அம்புட்டுதான். இப்படியே போனா எனக்கு அவுகளப் பிடிக்காமப் போயிரும் சாமி. பயமா இருக்கு."

சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

"கூட ஒக்காந்து சாப்பிட வேண்டியதுதான?"

"மாமா இருக்காவளே! ஆம்பளைங்க எந்திரிக்காம நாங்க ஒக்கார முடியுமா?"

"இலையத் தூக்கிட்டு வா," என்றார் சாமி.

மடத்திலும் அதே வழக்கம்தான். முதல் பந்தி ஆண்களுக்கு. என்ன மடமோ, என்ன ஞானமோ, போங்கள்!

நாற்பது பேர் வரிசையாகத் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் மாமனார் சிவனணைஞ்சான். பக்கத்தில் அவர் மகன் சுடலைமுத்து, வழக்கம்போல் தலையைக் குனிந்தபடி.

செண்பகம் பழக்கதோஷத்தில் ரச வாளியை எடுத்தாள்.

சாமி அதைப் பிடுங்கினார்.

"ஒக்காரு."

"எங்க சாமி?"

"அவனுக்கு எதிர்த்தாப்புல. அதே இலையில."

பந்தி மொத்தமும் திரும்பிப் பார்த்தது.

"இது என்ன கூத்து சாமி?" மாமனார் கத்தினார். "பொம்பள பந்தியில ஒக்காருததா? அதுவும் புருசன் இலையில?"

"என் மடம். என் பந்தி. பிடிக்கலேன்னா எந்திரிச்சுப் போவும்."

யாரும் எழுந்திருக்கவில்லை. பாயசம் இன்னும் வரவில்லையே!

செண்பகம் கையை முந்தானையில் துடைத்தாள். மாமனாரைப் பார்த்தாள். புருசனின் உச்சந்தலையைப் பார்த்தாள்.

"நாலு மாசம் நின்னாச்சு, மாமா. போதும்," என்றாள். சட்டென்று சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

சுடலைமுத்துவுக்குக் காது சிவந்துபோயிற்று. தலை நிமிரவில்லை.

சாமி இலையில் சோற்றை வைத்தார். குழிகூடப் பறிக்க விடாமல் ரசத்தை ஊற்றினார். ஒரு கரண்டி, இரண்டு கரண்டி, மூன்று கரண்டி.

ரசம் நாலு பக்கமும் ஓடியது.

"ஐயையோ!" என்று செண்பகம் தன் பக்கம் கையால் அணை கட்டினாள். ரசம் அவன் மடியைப் பார்த்துத் திரும்பியது. அவன் சோற்றைத் தள்ளி மறித்தான். நுனிப்பக்கம் உடைத்துக்கொண்டது. அவள் கை போனது, அவன் கையும் போனது.

"அங்க, அங்க! பிடிங்க!"

"நீ இந்தப் பக்கம் பிடி, புள்ள!"

அவன் நிமிர்ந்தான். அவள் மூக்கில் ஒரு பருக்கை ஒட்டியிருந்தது. சிரித்துவிட்டான். அவளும் சிரித்தாள்.

"ஏலே சுடல!" மாமனார் மகனின் தொடையைத் தட்டினார். "மானம் போவுது. எந்திரிலே!"

சுடலைமுத்து செண்பகத்தின் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"சும்மா இருங்கப்பா. ரசம் ஓடுது."