சேராள் சேர்ந்த கதை

ஒரு ஊர்ல ஒரு பேரு இருந்துச்சாம். அந்தப் பேருக்கு ஒரு பொண்ணு இருந்தாளாம். சிரிக்காத, ம் சொல்லு.

"ம்."

பொண்ணு பிறந்ததும் அவ அப்பா, வேதக்கோயில் உபதேசியாரு, பேரு வைக்கிறதுக்காகக் கண்ணை மூடி ஜெபம் பண்ணி, பைபிள் வேதப்புத்தகத்தை விரிச்சு விரலை வச்சாரு. தொப்பு! இன்னான் இன்னானைப் பெத்தான்னு வெறும் பேரா வரும் பாரு, எல்லாரும் புரட்டிட்டுப் போற பக்கம், அங்க விழுந்துச்சு. விரலுக்கு அடியில "சேராள்".

"ஒரு வரி தள்ளியிருந்தா ரேசேப்பு! கர்த்தர் காத்தாரு"ன்னாளாம் அம்மா.

அப்புறம் சேராள் வளர்ந்தா. பொண்ணு பாக்க வந்தாங்க.

"பேரு என்னம்மா?"

"சேராள்."

"யாரோட சேராளாம்?" விறுவிறுன்னு எழுந்து போயிட்டாங்க.

அப்புறம் ரெண்டாவது வீட்டுக்காரங்க. வடையை மொறுமொறுன்னு தின்னுட்டு, "ஏட்டி, மாமியாரோட சேருவியா?"

"சேருவேன்."

"பேரு சேராள்னுல்லா சொல்லுது!" ஏப்பம் விட்டுட்டுப் போயிட்டாங்க.

அப்போ அத்தைக்காரி, "பேசாம சேருவாள்னு மாத்திருங்கண்ணே"ன்னா. அப்பாவும் தலையை ஆட்டிட்டாரு. சேராளுக்குப் பொலபொலன்னு கண்ணீர். இத்தனை வருசம் சுமந்த பேராச்சே! விடுறதுக்கு முன்னாடி வேதத்துல இருக்கிற அந்தப் பேருக்காரி யாருன்னாவது பாப்போம்னு அந்தப் பக்கத்தை எடுத்தா. பெத்தான், பெத்தான், பெத்தான்... நடுவுல ஒருத்தி மட்டும் ஊரு கட்டியிருக்கா! கண்ணைத் துடைச்சுக்கிட்டு, "பேரு இருக்கட்டும்ப்பா"ன்னா. தூங்கிட்டியா?

"ம்ஹூம்..."

அப்புறம் மூணாவதா தாவீதடியான்னு ஒரு கொத்தனார், அம்மாவோட வந்தான்.

"சேராளா? எதுல சேராள்?"ன்னா அந்த அம்மா.

"அத்தை, வேதத்துல அவ ஊரு கட்டினவ. கீழூரு, மேலூரு. இன்னொரு ஊருக்குத் தன் பேரையே வச்சா"ன்னா சேராள்.

தாவீதடியானுக்கு காபி புரையேறிருச்சு. லொக்கு லொக்கு! "மூணு ஊரா? நான் நம்ம வீட்டுப் பின்சுவரையே இன்னும் கட்டலையே!"

"அதைத்தானலே மழைக்கு மழை நானும் கத்துதேன்! நீ இவளைக் கட்டு, இவ சுவரைக் கட்டுவா!"

கல்யாணத்தன்னைக்குப் பாதிரி ஐயரு, "சேராளே, நீ..."ன்னு கேட்டு முடிக்கும் முன்னாடி, "சேருவேன்!"னு கணீர்னு சொன்னா பாரு, கோயிலே கொல்லுன்னு சிரிச்சுது.

பின்சுவரும் எழும்பிருச்சு. கதையும் வீடு சேர்ந்துருச்சு. உன் மேலிமையும் கீழிமையும்தான் இன்னும் சேரலை. சேரு கண்ணு, தூங்கு.