செதிலி வாங்க நினைத்த குகை

ஒரு காட்டில், ஆற்றங்கரைச் சரிவில், செதிலி என்று ஓர் அழுங்கு இருந்தது. அழுங்கைப் பார்த்திருக்கிறீர்களா, குழந்தைகளே? உடம்பு முழுக்க ஓட்டுக் கூரை போலச் செதில் இருக்கும். எறும்பும் கறையானும்தான் அதற்குச் சாப்பாடு. பயம் வந்தால் தலையை வயிற்றுக்குள் செருகிச் சுருண்டு பந்தாகிவிடும். செதிலிக்கு அந்தப் பயம் கொஞ்சம் அதிகம்.

அதற்கு ஒரு குட்டி உண்டு. தாயின் வால்மேல் தொற்றிக்கொண்டு போகுமிடமெல்லாம் சவாரி செய்யும். போன மழைக்காலத்தில் வெள்ளம் அவர்களுடைய வளைக்குள் புகுந்துவிட்டது. குட்டியோடு செதிலி கரையேறியது பெரும்பாடு. அன்றே அது முடிவு செய்தது: ‘அடுத்த மழைக்குள் மேட்டில் ஒரு வீடு வாங்கிவிட வேண்டும்.’

மேட்டில் வளை தோண்ட வழியில்லை. எங்கும் பாறை. ஆனால் ஒரு முள்ளம்பன்றிக்கு அங்கே நல்ல குகை இருந்தது. அது மலைக்கு அப்பால் தன் தங்கை இருக்கும் இடத்துக்குக் குடிபோக இருந்தது.

அந்தக் காட்டில் கடுக்காய்தான் காசு. செதிலி வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி ஒரு குவியல் சேர்த்தது. முள்ளம்பன்றி கேட்ட விலைக்கு அது சரியாக இருந்தது.

முள்ளம்பன்றி கறாரானது. எதையும் முகத்துக்கு நேரே பேசும். “குகை உனக்குத்தான். ஆலமரத்தடியில் நீதிபதி காட்டெருமை முன்னால் கைமாற்றிக்கொள்வோம். உனக்குக் கோர்ட்டுக் கடன் ஏதும் இல்லையே? பாக்கி இருந்தால் வீடு வாங்க விடமாட்டார்கள்” என்றது.

‘கோர்ட்டுக் கடன்’ என்று காதில் விழுந்ததுமே செதிலி பந்தாகிவிட்டது. வால்மேல் இருந்த குட்டி தொப்பென்று கீழே விழுந்தது.

ஏன் தெரியுமா? சில வருடங்களுக்கு முன்பு செதிலி கறையான் தேடிப் பொதுப்பாதைக்கு அடியிலேயே குடைந்துவிட்டது. பாதை உள்வாங்கி, அந்த வழியே வந்த மானின் கால் முறிந்தது. நீதிபதி அபராதம் போட்டார். செதிலி சில முறை கட்டியது. பிறகு கையில் கடுக்காய் இல்லை, நிறுத்திவிட்டது. கோர்ட்டுச் சேவகன் மரங்கொத்தி தேடி வந்தபோதெல்லாம் காதையும் கண்ணையும் மூடிச் சுருண்டு கிடந்தது. நாளடைவில் மரங்கொத்தி வருவதை நிறுத்திக்கொண்டது.

கடன் தீர்ந்ததா, இருக்கிறதா? இருந்தால் எவ்வளவு? செதிலிக்கு ஒன்றும் நினைவில்லை.

முதலில் அணிலிடம் கேட்டது. “ஐயோ அக்கா! கோர்ட்டுக் கடன் ஒவ்வொரு மழைக்கும் இரட்டிப்பாகுமே! உங்கள் குவியல் வட்டிக்கே காணாது” என்று அணில் படபடத்தது.

செதிலிக்குத் தலை சுற்றியது. ஆந்தையிடம் போனது.

“யார் சொன்னது? பழைய கடன் தானாகவே செத்துப்போகும். நீ பேசாமல் இரு. பேசினால் அது மறுபடி உயிர்பெற்றுவிடும்” என்றது ஆந்தை.

‘ஒருவர் வளர்ந்தது என்கிறார், ஒருவர் செத்தது என்கிறார். செத்த கடன் எப்படி வளரும்?’ என்று குழம்பியபடி நடந்தது. வழியில் கரடி எதிர்ப்பட்டது.

“உன் வழக்கா? அதை அக்கரை மரத்தடிக்கு மாற்றிவிட்டார்கள் என்று யாரோ சொன்னார்கள். இல்லை, அது உடும்பின் வழக்கோ?” என்று கரடி தலையைச் சொறிந்தது.

இப்போது செதிலிக்குத் தன் வழக்கு எது, தன் மரம் எது என்பதே புரியவில்லை.

இதையெல்லாம் ஒரு கிளையில் இருந்து மரநாய் கேட்டுக்கொண்டிருந்தது. அது தந்திரக்காரன். தேன் ஒழுகப் பேசும்.

“அக்கா, கோர்ட்டுப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்காதீர்கள்! போனால் அங்கேயே கட்டிப்போட்டுவிடுவார்கள். குட்டியை யார் பார்ப்பார்கள்?” என்றது.

“ஐயோ! நான் என்ன செய்வேன் தம்பி?”

“நான் எதற்கு இருக்கிறேன்? எருமை என் சொல்லைத் தட்டாது. அதன் காதில் ஒரு வார்த்தை போட்டால் கடன் காற்றாய்ப் பறந்துவிடும். கொஞ்சம் செலவாகும், அவ்வளவுதான்.”

செதிலி குவியலில் பாதியை அள்ளிக் கொடுத்தது.

மறுநாள் மரநாய் வந்தது. “நீதிபதிக்குப் பாதி மனசு வந்துவிட்டது அக்கா. மீதிப் பாதியையும் கொடுத்தால் முழு மனசும் வந்துவிடும்.”

செதிலி மீதிக் கடுக்காயைப் பார்த்தது. மரநாயைப் பார்த்தது. கொடுத்தால் வீடு இல்லை. கொடுக்காவிட்டாலும் வீடு இல்லை. விழி பிதுங்கி நின்றது.

அந்த நேரம் முள்ளம்பன்றி அங்கே வந்தது. “என்ன, பேயறைந்த மாதிரி நிற்கிறாய்?”

செதிலி எல்லாவற்றையும் முன்னும் பின்னுமாகக் கொட்டித் தீர்த்தது. முள்ளம்பன்றி பொறுமையாகக் கேட்டது.

“அணிலைக் கேட்டாய். ஆந்தையைக் கேட்டாய். கரடியையும் கேட்டாய். கடன் யாருக்கு?”

“கோர்ட்டுக்கு.”

“கோர்ட்டைக் கேட்டாயா?”

“இல்லையே!” என்றது செதிலி. திரும்பிப் பார்த்தால் மரநாயைக் காணோம்.

செதிலி ஆலமரத்தடிக்குப் போனது. காட்டெருமையைக் கண்டதுமே பழைய வழக்கப்படி பந்தாகிவிட்டது. கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். காட்டெருமை சிரிக்கவில்லை. அசைபோட்டபடி, “அவசரமில்லை. சுருள் பிரிந்து எழுந்த பிறகு பேசுவோம்” என்று காத்திருந்தது.

வெகுநேரம் கழித்து ஒரு மூக்கு வெளியே வந்தது. பிறகு ஒரு கண்.

“ஐயா, நான் பாதையைக் குடைந்த செதிலி. என் கடன் எவ்வளவு?”

காட்டெருமை பக்கத்தில் இருந்த ஆமையைப் பார்த்தது. எந்த வழக்கையும் மறக்காதது அந்த ஆமை. “பெரும்பகுதி கட்டியாகிவிட்டது. பாக்கி பன்னிரண்டு கடுக்காய்” என்றது.

“பன்னிரண்டா? வட்டி?”

“இந்த மரத்தடியில் வட்டி ஏது?”

“அக்கரைக்கு மாற்றிவிட்டதாக...”

“அக்கரையில் முதலைகள்தான் இருக்கின்றன” என்றது ஆமை.

“அப்படியானால் மரங்கொத்தியை ஏன் அத்தனை முறை அனுப்பினீர்கள்?”

கிளையில் இருந்த மரங்கொத்திக்குக் கோபம் வந்துவிட்டது. “முடிந்தபோது கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டலாம் என்று ஐயா சொல்லி அனுப்பினார். அதைச் சொல்லத்தான் வந்தேன். ஒவ்வொரு முறையும் ஒரு பந்திடம் பேசிவிட்டுத் திரும்பினேன்!”

செதிலிக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. பன்னிரண்டு கடுக்காயை எண்ணி வைத்தது. பிறகு மரநாய்க்குக் கொடுத்ததையும் மறைக்காமல் சொன்னது.

மரநாயை இழுத்து வந்தார்கள். “என் காதில் ஒரு வார்த்தை போட்டாயாமே? என்ன வார்த்தை அது?” என்று காட்டெருமை கேட்டது.

மரநாய் பேச்சை மாற்றியது. “கடுக்காயெல்லாம் செலவாகிவிட்டது ஐயா” என்றது.

“அப்படியானால் ஒன்று விடாமல் சம்பாதித்துத் திருப்பிக் கொடு. அதுவரை அது கோர்ட்டுக் கடன்” என்று தீர்ப்புச் சொன்னது காட்டெருமை. ஆமை அதையும் மனத்தில் வைத்துக்கொண்டது.

கடன் தீர்ந்தது. ஆனால் கையில் இருந்த கடுக்காய் குகைக்குப் போதவில்லை. மரநாய் திருப்பித் தரும்வரை மேகம் காத்திருக்குமா?

முள்ளம்பன்றி, “நான் விலையைக் குறைக்க மாட்டேன்” என்றது.

செதிலியின் தலை வயிற்றை நோக்கி வளைந்தது. பாதியில் நிறுத்திக்கொண்டு நிமிர்ந்தது. “குறைக்க வேண்டாம். மீதிக்கு ஈடாக நான் என்ன செய்யட்டும்? அதைச் சொல்” என்றது.

முள்ளம்பன்றி யோசித்தது. “மலைக்கு அப்பால் எனக்கு ஒரு வளை வேண்டும். மண் இறுகிக் கிடக்கிறது. என் நகத்தால் ஆகாது. தோண்டித் தருவாயா?”

“தருகிறேன்!”

நகம் தேயத் தேயச் செதிலி தோண்டியது. வளை முடிந்ததும் ஆலமரத்தடியில் குகை கைமாறியது.

சில நாட்களில் மழை கொட்டியது. குகை வாசலில் நின்று செதிலி கீழே பார்த்தது. பழைய வளை இருந்த சரிவில் செந்நீர் சுழித்து ஓடியது.

“அம்மா, நாம் நனையவே இல்லை” என்றது குட்டி.

நீதி: ஒளிந்துகொண்டால் கடன் தீராது, குழப்பம்தான் பெருகும், யாருக்குக் கடன்பட்டோமோ அவரிடமே நேரில் போய்க் கேட்க வேண்டும்.