பூக்கும் வரை பொறுத்த கவுதாரி

பொட்டல் காட்டில் ஒரு சின்னக் குட்டை இருந்தது. அதில் மூக்கன் என்ற ஆமை குடியிருந்தது. குட்டைக்குக் கீழே, மழை ஈரத்தில் மண்ணைக் கிளறி, செம்பி என்ற கவுதாரி பாசிப்பயறு விதைத்திருந்தது. கோடையில் அங்கே இரை கிடைக்காது. பயறு விளையும் என்று நம்பித்தான் அது முட்டையிட்டது.

மழையோ அதோடு நின்றுவிட்டது. செம்பி ஆமையிடம் தண்ணீர் கேட்டது.

"இரண்டு பாய்ச்சலுக்குத் தருகிறேன். மீதித் தண்ணீரில் நான் பிழைக்க வேண்டும். அதற்கு மேல் கேட்டு வந்து நிற்காதே!" என்றது மூக்கன் கறாராக.

அந்த வழியாகத் துள்ளன் என்ற முயல் வந்தது.

"செடி வாடுகிறதே, அக்கா! இன்றைக்கே ஒரு பாய்ச்சல் விடு!"

செம்பிக்கும் மனசு கேட்கவில்லை. ஆமையிடம் குட்டையின் மடையைத் திறக்கச் சொன்னது. செடிகள் தளதளவென்று வளர்ந்தன. முயல் தினமும் வந்தது. "ஆகா, என்ன பச்சை!" என்று புகழ்ந்துகொண்டே ஓரத்துச் செடிகளில் நாலு இலையைக் கடித்துக்கொண்டது. புகழ்ச்சியில் மயங்கிய செம்பி அதைக் கண்டுகொள்ளவில்லை.

மண் மறுபடி காய்ந்தது.

"இன்னொரு பாய்ச்சல் இருக்கிறதே, எதற்காக வைத்திருக்கிறாய்? உடனே விடு!" என்று முயல் அவசரப்படுத்தியது.

"இப்போது விட்டுவிட்டால் பூக்கும்போது என்ன செய்வேன்?"

"பூவா? பூத்தால் இலை முற்றிப்போகுமே! அப்புறம் வாயில் வைக்க முடியுமா?"

சொன்ன பிறகுதான் முயல் நாக்கைக் கடித்துக்கொண்டது. செம்பிக்குச் சுருக்கென்றது.

"ஓகோ! உனக்கு வேண்டியது தழை. எனக்கு வேண்டியது பயறு. போய்வா, தம்பி!"

"செடி செத்தால் பயறு எங்கிருந்து வரும்? உன் குஞ்சுகள் பட்டினிதான்!" என்று முயல் கத்திவிட்டுப் போனது.

அந்தச் சொல் செம்பியை அரித்தது. உச்சி வெயிலில் செடிகள் துவண்டு தொங்கின. அடைகாத்தபடியே அது செடிகளைப் பார்த்துக்கொண்டிருந்தது. மடைக்கு ஓடிவிடலாமா என்று எத்தனையோ முறை தோன்றியது. வெயில் தாழ்ந்ததும் இலைகள் மெல்ல நிமிர்ந்தன. "உயிர் இருக்கிறது. பொறுக்கலாம்" என்று தன்னைத் தேற்றிக்கொண்டது.

குஞ்சுகள் பொரிந்தன. சில நாளில் செடிகளில் மஞ்சள் பூக்கள் தலைகாட்டின. செம்பி குட்டைக்குப் பறந்தது.

"மூக்கா, மடையைத் திற!"

"இதுதான் கடைசி. அப்புறம் அழாதே!"

"அழ மாட்டேன். திற!"

தண்ணீர் வேருக்கு இறங்கியது. பூக்கள் உதிராமல் நின்றன. பூவெல்லாம் பிஞ்சானது, பிஞ்செல்லாம் காயானது. முயல் கடித்த ஓரத்துச் செடிகளில் மட்டும் ஒன்றும் காய்க்கவில்லை. மற்றச் செடிகளில் விளைந்த பயறு குஞ்சுகளின் பசிக்கும் அடுத்த விதைப்புக்கும் போதுமானதாக இருந்தது. இளந்தழை தேடி முயல் வேறு காட்டுக்குப் போய்விட்டது.

கையில் இருப்பது கொஞ்சம் என்றால், அவசரப்படுத்துகிறவனின் ஆதாயம் என்ன என்று பார்த்து, சரியான வேளை வரும் வரை அதைக் காப்பாற்றி வைப்பதே புத்திசாலித்தனம்.